ஆப்டிகல் கேபிளில் இரண்டு கணினியை இணைத்தால் 'டிக் டிக்' சத்தம், உதவி வேண்டும்

திருப்பாதிரிப்புலியூர்:
வணக்கம். ஓதுவார் ஐயா ஒருவர் பாடும் தேவாரப் பதிகங்களை எங்கள் வீட்டிலேயே பதிவு செய்கிறேன். மைக் எல்லாம் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக லேப்டாப்புக்குப் போகிறது. தம்புரா, ஆர்மோனியம் சாம்பிள்களையும் (முன்பே பதிவான வாத்திய ஒலிகள்) சேர்த்து ஓட்டினால் லேப்டாப் தாங்காது. அதனால் அவை பக்கத்து டெஸ்க்டாப்பில் ஓடுகின்றன. அதன் மதர்போர்டில் இருக்கும் ஆப்டிகல் அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸின் ஆப்டிகல் இன்னுக்கு ஒரு கேபிள் போட்டிருக்கிறேன். முன்பு ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து எடுத்தபோது கேட்ட கரண்ட் இரைச்சல் இப்போது சுத்தமாக இல்லை.

ஆனால் இரண்டு நொடிக்கு ஒருமுறை 'டிக்' என்று விழுகிறது. பஃபரை (ஒலியைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் அளவு) 128லிருந்து 1024 வரை ஏற்றிப் பார்த்தேன், கேபிளையும் மாற்றினேன், போகவில்லை. ஐயாவுக்கு எழுபது வயதுக்கு மேல். ஒரே பதிகத்தைத் திரும்பத் திரும்பப் பாடச் சொல்ல மனசு வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவனாம்பட்டினம்:
கடற்கரை ஊர் இல்லையா, உப்புக் காற்றில் ஜாக் துருப்பிடித்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பாருங்கள் சார்.

முத்தியால்பேட்டை:
மைக் ஜாக் என்றால் அண்ணன் சொல்வது சரி. இது ஆப்டிகல். உள்ளே போவது வெளிச்சம், உலோகத் தொடர்பே கிடையாது. முனையில் தூசி இருந்தால் சிக்னல் விட்டுவிட்டு வரும், ஆனால் இப்படித் தாளம் தப்பாமல் டிக் விழாது.

அந்தத் தாளத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் தம்பி. டிக் கண்டபடி விழுந்தால் பஃபரையோ சிபியூவையோ சந்தேகப்படலாம். ஒரே இடைவெளியில் விழுந்தால் அநேகமாகக் கிளாக்தான், அதாவது ஒலியை எந்த வேகத்தில் எடுப்பது என்று சொல்லும் உள் கடிகாரம். இரண்டு விஷயம் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது) என்ன? இன்டர்ஃபேஸ் கன்ட்ரோல் பேனலில் கிளாக் சோர்ஸ் என்னவாக இருக்கிறது?

திருப்பாதிரிப்புலியூர்:
இரண்டிலும் 48 கிலோஹெர்ட்ஸ். கிளாக் சோர்ஸ் 'இன்டர்னல்'. இரண்டும் 48 என்றால் ஒன்றாகத்தானே ஓட வேண்டும் அண்ணா?

முத்தியால்பேட்டை:
ஓடாது. 48 என்பது பெயரளவில்தான். ஒவ்வொரு கருவியிலும் கடிகாரத்தை ஓட்டும் தனித்தனி கிரிஸ்டல் இருக்கிறது, எந்த இரண்டும் அச்சாக ஒத்துப்போகாது. பத்து லட்சத்தில் பத்து பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 48,000 சாம்பிளில் அது 0.48 சாம்பிள். அதாவது இரண்டு நொடிக்கு ஒரு சாம்பிள் கூடும் அல்லது குறையும். அந்த இடத்தில்தான் டிக். உங்கள் இடைவெளி ஏறத்தாழ இதோடு ஒத்துப்போகிறது. பஃபரைப் பெரிதாக்கினால் இது தீராது, இரண்டு கடிகாரமும் அப்போதும் தனித்தனியாகத்தான் ஓடும்.

ஒன்று முன்னால் போக வேண்டும், மற்றது அதைப் பின்பற்ற வேண்டும். மதர்போர்டு ஆப்டிகல் அவுட் பொதுவாக யாரையும் பின்பற்றாது. ஆகவே இன்டர்ஃபேஸில் கிளாக் சோர்ஸை 'ஆப்டிகல்' அல்லது 'எஸ்பிடிஐஎஃப்' (டிஜிட்டல் ஒலி அனுப்பும் ஒரு முறை) என்று மாற்றுங்கள். இரண்டு கிளாக்கும் ஒத்துவிட்டதைக் காட்டும் லாக் விளக்கு நிலையாக எரிய வேண்டும். விண்டோஸில் டிஜிட்டல் அவுட்புட் 24 பிட், 48000 ஹெர்ட்ஸ் என்று இருக்கட்டும். டால்பி என்கோடிங் ஏதும் இருந்தால் அணைத்துவிடுங்கள், வெறும் பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி) போதும்.

திருப்பாதிரிப்புலியூர்:
போய்விட்டது! அரை மணி நேரம் தம்புராவை ஓடவிட்டு ஹெட்ஃபோனில் கேட்டேன், ஒரு டிக் கூட இல்லை. ரொம்ப நன்றி அண்ணா.

நெல்லித்தோப்பு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இந்த அமைப்பில் எனக்கு ஒரு பயம். இப்போது பதிவு செய்யும் லேப்டாப்புக்குக் கிளாக் கொடுப்பது டெஸ்க்டாப். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், டெஸ்க்டாப் படுத்துவிடும், கிளாக்கும் அதோடு போய்விடும். சில இன்டர்ஃபேஸ் தானாக இன்டர்னலுக்கு மாறிக்கொள்ளும், சிலதில் பதிவே நின்றுவிடும். ஐயா பாடிக்கொண்டிருக்கும்போது அது நடக்கக் கூடாது. குறைந்தபட்சம் டெஸ்க்டாப்புக்கு ஒரு யூபிஎஸ் வையுங்கள். என்னைக் கேட்டால் பதிவு செய்யும் பக்கம்தான் மாஸ்டராக இருக்க வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர்:
ஆப்டிகல் இன், அவுட் இரண்டும் உள்ள பழைய இன்டர்ஃபேஸ் ஒன்று சும்மா கிடக்கிறது. ஏடாட் என்று போட்டிருக்கிறது. அதை டெஸ்க்டாப்பில் மாட்டலாமா?

நெல்லித்தோப்பு:
தாராளமாக. ஏடாட் என்பது ஒரே ஆப்டிகல் கேபிளில் பல சேனல் அனுப்பும் முறை. உங்கள் லேப்டாப் இன்டர்ஃபேஸில் ஆப்டிகல் அவுட்டும் ஏடாட் வசதியும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு கேபிள் லேப்டாப் பக்கமிருந்து டெஸ்க்டாப் பக்கம், இன்னொன்று திரும்பி. லேப்டாப் இன்டர்னல், டெஸ்க்டாப் எக்ஸ்டர்னல். இரண்டையும் எக்ஸ்டர்னலில் வைத்துவிடாதீர்கள், ஒன்றையொன்று துரத்திக்கொண்டு லாக்கே ஆகாது. ஒரே ஆப்டிகல் துளையில் எஸ்பிடிஐஎஃப்பும் வரும், ஏடாட்டும் வரும், இரண்டு முனையும் ஒரே முறையில் இருக்க வேண்டும். ஏடாட்டில் 48 கிலோஹெர்ட்ஸில் 8 சேனல் கிடைக்கும், 96க்குப் போனால் 4 தான். தேவாரத்துக்கு 48 தாராளம்.

திருப்பாதிரிப்புலியூர்:
மாட்டிவிட்டேன், லாக் ஆகிறது. வேண்டுமென்றே டெஸ்க்டாப் பிளக்கைப் பிடுங்கியும் பார்த்தேன். தம்புரா நின்றது, மைக் பதிவு நிற்காமல் ஓடியது. இன்னொரு சந்தேகம். கிளாக் ஒன்றாகிவிட்டதே, லேப்டாப்பில் பிளே அழுத்தினால் டெஸ்க்டாப்பும் அதே இடத்திலிருந்து ஏன் தொடங்கவில்லை?

முத்தியால்பேட்டை:
கிளாக் வேகத்தை மட்டும்தான் சொல்லும். பாட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. அதற்கு டைம்கோட் வேண்டும், அதாவது இப்போது எந்த நிமிடம், எந்த நொடி என்று சொல்லும் சிக்னல். இப்போது உங்களிடம் சேனல் மிச்சமிருப்பதால் சுலபம். லேப்டாப்பிலிருந்து போகும் 8ஆவது சேனலில் எல்டிசி என்ற டைம்கோடை அனுப்புங்கள், அது வெறும் ஒலிதான். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் எல்டிசி உருவாக்கவும் முடியும், வருவதைப் பின்பற்றவும் முடியும். ஃபிரேம் ரேட் இரண்டு பக்கமும் 25 என்று வையுங்கள். அந்த சேனலில் எஃபெக்ட் எதுவும் போடாதீர்கள், ஸ்பீக்கருக்கோ ஹெட்ஃபோனுக்கோ போகாதபடி ரூட்டிங்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். கீச்சென்று கத்தும், ஐயாவின் காதில் விழுந்துவிடப் போகிறது.

டைம்கோட் மட்டும் போதும், கிளாக் இணைப்பு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். தொடக்கம் சரியாக இருந்தாலும் கிரிஸ்டல் தனித்தனி என்றால், அதே பத்து பங்கு வித்தியாசத்தில், ஒரு மணி நேரத்தில் 36 மில்லி நொடி விலகிவிடும். தாளத்தோடு பாடும் பதிகத்தில் அது காதுக்குத் தெரியும். இரண்டும் வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர்:
எல்டிசி வேலை செய்கிறது. நாளை காலை ஐயா வருகிறார். பதிவுக்கு முன் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

நெல்லித்தோப்பு:
டெஸ்க்டாப்பில் விண்டோஸ் நோட்டிஃபிகேஷன் சத்தங்களை அணைத்துவிடுங்கள், ஸ்லீப் மோடையும். ஆப்டிகல் கேபிளை மேஜை மூலையில் மடக்கி ஒடிக்காமல் வளைவாக விடுங்கள். ஐயாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள்.