அம்மம்மா வீட்டு ஆக்கள்

நிலா: ஒருதரும் சாந்தி மாமிக்குக் காசு போடாதேங்கோ!! அவவின்ர வட்ஸ்அப் களவு போட்டுது

கனடா மாமா: ஆஸ்பத்திரி எண்டு 20,000 கேட்டவ

கனடா மாமா: போட்டிட்டன்

நிலா: ஐயோ மாமா

புதுக்குடியிருப்பு அன்ரி: எனக்கும் வந்தது. ஹாய் டியராம். சாந்தி என்னை எப்ப டியர் எண்டவள்

சுதன்: மாமா, அனுப்பின இடத்துக்கு உடன அடிச்சு மறிக்கச் சொல்லுங்கோ

ரமணன்: அம்மா சொல்லுறா இது பக்கத்து வீட்டுப் பொடியன்ர வேலையாம். எங்கட வைபை பாவிக்கிறவன்

பெரியப்பா: அதுகள் 2010 இல திரும்பி வந்த கையோட வேலியை ஒண்டரை அடி தள்ளிப் போட்டதுகள்

சுதன்: வேலியை விடுங்கோ பெரியப்பா. ரமணன், அம்மா ஆருக்கும் 6 இலக்கம் அனுப்பினவவோ?

ரமணன்: ஓம். வசந்தி பெரியம்மா கேட்டவவாம். பிழையா உங்கட நம்பருக்கு வந்திட்டுது, அனுப்பு எண்டு

வசந்தி பெரியம்மா: நான் கேக்கேல்லை!!! என்ர வட்ஸ்அப்பும் முந்தநாள் போட்டுது. இது மகளின்ர போன்

சுதன்: அதுதான் நடந்தது. முதல் பெரியம்மாவின்ரயை எடுத்து, அவவின்ர பேரில சாந்தி மாமியிட்டக் கேட்டிருக்கிறான். அந்த 6 இலக்கம்தான் கணக்கின்ர திறப்பு. அதைக் குடுத்தா எந்த நாட்டில இருந்தும் உங்கட நம்பரைத் தன்ர போனில ஏத்துவான். அது எஸ்எம்எஸ்ஸா சிம்முக்கு வாறது, வைபையால வாறேல்லை. பக்கத்து வீட்டுப் பொடியனுக்கு அது தெரிய வழியே இல்லை. அவனைப் பேசாதேங்கோ. ரமணன், அம்மாவின்ர போனில வட்ஸ்அப்பைத் திரும்பப் போட்டு அதே நம்பரைக் குடு. புதுக் கோட் வரும். போட்டவுடன அவன் வெளியில.

ரமணன்: போட்டன். இப்ப பின் நம்பர் கேக்குது

சுதன்: அவன் தன்ர பின் நம்பர் வைச்சிட்டான். 7 நாள் பொறுக்க வேணும். ஆனா அவனும் இப்ப உள்ளுக்கு இல்லை. திறந்தவுடன ரூ ஸ்ரெப் வெரிபிகேசனுக்குப் போய் சொந்தப் பின் நம்பர் ஒண்டு வை. எல்லாரும் இண்டைக்கே வையுங்கோ.

புதுக்குடியிருப்பு அன்ரி: வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வான் பிடிச்சாச்சோ

பெரியப்பா: பிடிச்சாச்சு. 15 பேர். காசுதான் ஒருதரும் தரேல்லை

கனடா மாமா: காசு அனுப்பின இடத்துக்கு அடிச்சனான், பாக்கிறம் எண்டினம். ஆஸ்பத்திரி எண்டவுடன அம்மாவின்ர கடைசி நேரம் நினைவு வந்திட்டுது. கேக்காமப் போட்டன்

நிலா: இனிக் காசெண்டா முதல் எடுத்துக் குரலைக் கேளுங்கோ மாமா

சுதன்: வைபைப் பாஸ்வேட்டையும் மாத்துங்கோ, அது வேற விசயம். றவுட்டருக்கு அடியில ஒட்டி வாற பாஸ்வேட்டோடதான் கனபேர் இருக்கினம். வைபைப் பாஸ்வேட் படலைத் திறப்பு. றவுட்டரின்ர அட்மின் பாஸ்வேட் அலுமாரித் திறப்பு. கனக்க றவுட்டருக்கு 192.168.1.1 எண்டு அடிச்சா உள்ள போகலாம். அங்க ரெண்டையும் மாத்தலாம். வாறபோற ஆக்களுக்கு கெஸ்ற் எண்டு தனி வைபை ஒண்டு போட்டுவிடலாம்.

ரமணன்: அம்மா வைபைப் பாஸ்வேட்டைக் கலண்டரில முருகன்ர வேலுக்குப் பக்கத்தில எழுதி வைச்சிருக்கிறா. வாற எல்லாரும் பாத்துத்தான் அடிக்கிறவை

பெரியப்பா: அப்ப பொடியன் செய்யேல்லையோ

சுதன்: இல்லை பெரியப்பா

ரமணன்: அம்மா காலமை வேலியில நிண்டு நல்லாப் பேசிப்போட்டா. தாய் அழுதவ

நிலா: மாமியை ஒருக்காப் போகச் சொல்லு

ரமணன்: ஒண்டும் கதைக்கிறா இல்லை. முருங்கைக்காய் புடுங்கிப் பையில போடுறா

புதுக்குடியிருப்பு அன்ரி: வானில ரெண்டு இடம் கிடக்கெல்லே, அவையையும் கேளுங்கோவன்

பெரியப்பா: பாப்பம்