காலுக்கடியில் கேட்ட ‘தொம்’

பனிச்சறுக்குக்காகக் காஷ்மீரின் குல்மார்க் போயிருந்தோம். அங்கே கோண்டோலா என்கிற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் நம்மைக் கொண்டுபோய் விடுவது அபர்வத் மலையில், கிட்டத்தட்ட 3,950 மீட்டரில். அங்கே ரோந்துக்காரர்கள் கண்காணிக்கிற சரிவு ஒன்று உண்டு. அதைத் தாண்டிவிட்டால் வெடி வைத்துப் பனியை முன்கூட்டியே உதிர்த்துவிட ஆள் கிடையாது. நாங்கள் நாலு பேர், கூட ஒரு காஷ்மீரி வழிகாட்டி, தாண்டித்தான் போனோம்.

2023 பிப்ரவரியில் இதே மலையில் போலந்துக்காரர்கள் இருவர் பனிச்சரிவில் செத்ததையும், அடுத்த பிப்ரவரியில் ஒரு ரஷ்யர் போனதையும் முந்தின ராத்திரிதான் கஹ்வா குடித்துக்கொண்டே பேசியிருந்தோம். பேசியதோடு சரி. காலையில் பளிச்சென்று வெயில், சரிவில் ஏற்கெனவே யாரோ இறங்கிப் போன ரெண்டு தடங்கள். அவ்வளவு போதுமாக இருந்தது எங்களுக்கு.

ரெண்டு நாள் பெய்த பனியைக் காற்று அள்ளிவந்து அந்தப் பக்கம் பலகை மாதிரி இறுக்கிவைத்திருந்தது. அதற்கு அடியில் டிசம்பர் பனி சீனி மாதிரி, கையில் பிடித்தால் உருண்டைகூடப் பிடிக்க முடியாது. அதன்மேல் இருக்கிற பலகை எப்போது வேண்டுமானாலும் வழுக்கலாம். வழிகாட்டி ஒரு குழி தோண்டி இதைக் காட்டிவிட்டு, “ஓரமாக, ஒவ்வொருத்தராக” என்று சொல்லி முதலில் இறங்கி ஒரு பாறை முகட்டில் ஒதுங்கினார். அடுத்து நான். பாதியில் தொடை எரிந்தது, நின்றுவிட்டேன். நிற்கவே கூடாத இடம். நான் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்து மேலேயிருந்து நண்பன் கிளம்பிவிட்டான்.

தொம். மாடியில் யாரோ அரிசி மூட்டையைப் போட்ட மாதிரி. என் ஸ்கீ முனைக்கு முன்னால் ஒரு கோடு விர்ரென்று ஓடியது, “ருக்கோ! ருக்கோ!” என்று வழிகாட்டி கத்துவது கேட்டது, நான் ஓரமாகப் பாய்ந்து விழுந்து எழுந்து பார்க்கும்போது சரிவே காலி. அவனைக் காணோம்.

பீக்கன் என்று ஒரு கருவி, எங்கள் எல்லார் உடம்பிலும் கட்டியிருந்தது, சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்தால் மற்றவர்கள் தங்களுடையதைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். என்னுடையதை மாற்றிக்கொண்டு இறங்கினேன். தூரம் மீட்டரில் 20, 12, 7 என்று குறைகிறது, வந்துவிட்டோம் என்று ஓடினால் எதிரில் மேலேயிருந்து வந்த எங்கள் நாலாவது ஆள் நிற்கிறார்! பதற்றத்தில் தன் கருவியை மாற்றவே இல்லை, அது இன்னும் சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. எந்தக் கம்பெனிக் கருவியானாலும் ஒரே 457 கிலோஹெர்ட்ஸ்தான், புதைந்தவனும் நிற்கிறவனும் அதற்கு ஒன்று. முழுசாகப் புதைந்த ஆளைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு என்பார்கள். அதில் ஒரு நிமிஷத்துக்கு மேல் அங்கே போனது.

அப்புறம் சரியான சிக்னலைப் பிடித்து, பனிக்குள் குத்திப் பார்க்கிற நீளக் கம்பியை இறக்கினோம். மூன்றாவது குத்தில் அது மெத்தென்று எதிலோ இடித்தது. நேர் மேலே தோண்டாதீர்கள், கீழ்ப் பக்கத்திலிருந்து உள்ளே வாருங்கள் என்று வழிகாட்டி விரட்ட விரட்டத் தோண்டினோம். முகம் நீலம், வாயில் பனி. விரலை விட்டு எடுத்ததும் இருமினான். வழிகாட்டியின் கைக்கடிகாரக் கணக்கில் மொத்தம் எட்டு நிமிஷம்.

பேச்சு வந்ததும் அவன் முதலில் கேட்டது இடது கால் ஸ்கீயை. வாடகை சாமான்! மே மாதம் பனி உருகினால் ஆடு மேய்க்கிறவர்கள் எடுப்பார்கள், போன் பண்ணுகிறேன் என்றார் வழிகாட்டி. இன்னும் வரவில்லை.