பாக்கி தராத பார்ட்டியை உங்க பாஷையில என்ன சொல்வாங்க?

ஓசூர் லோடு அக்கா:

ஓசூர் சிப்காட் பக்கம் அப்பா ஆரம்பிச்ச லாரி புக்கிங் ஆபீஸை இப்ப நான் பாத்துக்கறேன். இந்த ஊர்ல பிறந்தவங்களுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் நாக்குல புரளும். ஆபீஸ் வாசல்ல டீ குடிக்கிற டிரைவர்களைச் சேர்த்தா இந்தியும் மலையாளமும் வந்துடும். இத்தனை பாஷையும் கூடிப் பேசற விஷயம் ஒண்ணே ஒண்ணு, வாடகை பாக்கி. அட்வான்ஸ் வாங்கிட்டு வண்டி கிளம்பும். லோடு இறக்கி, கையெழுத்துப் போட்ட ரசீது திரும்பி வந்தப்புறம்தான் பேலன்ஸ். அந்த பேலன்ஸை இழுத்தடிக்கிற பார்ட்டியைத் திட்டறப்போ பாருங்க, ஒவ்வொரு பாஷைக்கும் உயிர் வந்துடும்.

நம்மாளு "நாமம் போட்டுட்டான்"பார். சித்தூர்க்காரர் "பங்கநாமம் பெட்டாடு". தும்கூர்க்காரர் "பங்கநாம ஹாக்த". பெருமாளை வெச்சு மூணு பேருக்கும் ஒத்துப்போகுது. சைவம் மட்டும் என்ன இளைச்சதான்னு மதுரைப் பையன் ஒருத்தன் "விபூதி அடிச்சுட்டாங்கக்கா"ன்னு வந்து நிப்பான். கான்பூர் டிரைவர் "சூனா லகா தியா"ம்பார், அதாவது சுண்ணாம்பு தடவிட்டானாம்.

இதுவரைக்கும் சரி. ஆபீஸுக்குப் புதுசா தர்மபுரிப் பையன் ஒருத்தன் வந்திருக்கான். போன வாரம் ஹூப்ளிக்கு லோடு போன டிரைவர் போன் பண்ணி "பார்ட்டி கை கொட்பிட்ட"ன்னு சொல்லியிருக்கார். இவன் நோட்டுல "பார்ட்டி கை கொடுத்துட்டார்"னு எழுதி, பேலன்ஸ் வந்துடுச்சுன்னு டிக் அடிச்சுட்டான். கன்னடத்துல ஒருத்தன் கை கொடுத்தான்னா நம்மளை நட்டாத்துல விட்டுட்டுப் போயிட்டான்னு அர்த்தம். தெலுங்குலயும் "ஹேண்ட் இச்சாடு"ன்னா அதேதான். நம்ம ஊர்லதான் கை கொடுக்கிறவன் தெய்வம்.

அடுத்தது பாலக்காட்டு டிரைவர் கதை. வண்டி காத்துக் கிடந்ததுக்கு ஹால்ட்டிங் காசு கொஞ்சம் கூடவே எழுதிட்டு வந்தார். நம்ம பையன் "காதுல பூ சுத்தாதீங்க சேட்டா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். அவர் முகம் மாறிடுச்சு. "எனிக்கெந்தா வட்டாணோ?"ன்னு கேட்டுட்டு பில்லை டேபிள்ல வீசிட்டு வெளிய போயிட்டார். கன்னடத்துல "கிவி மேலெ ஹூவு", தெலுங்குல "செவிலோ புவ்வு", ரெண்டும் நம்ம காதுல பூ மாதிரியேதான். மலையாளத்துக்கு மட்டும் என்ன ஆச்சு? வேற எந்த பாஷையிலயாவது காதை வெச்சு ஏமாத்துறது உண்டா? புத்தகத்துல படிச்சதை விட நீங்க காதால கேட்டதைச் சொன்னா நல்லாருக்கும்.

வாளையார் தாண்டி:

அக்கா, பாவம் அந்தச் சேட்டன். எங்க பக்கம் காதுல செம்பருத்திப்பூ வெச்சிருந்தா அவனுக்குக் கிறுக்குன்னு அர்த்தம். படமோ நாடகமோ கேலிச்சித்திரமோ, பைத்தியக்காரனைக் காட்டணும்னா காதுல ஒரு செவப்புச் செம்பருத்தியைச் செருகி விடுவாங்க, வசனமே வேண்டாம். 'வட்டு'ன்னாலும் கிறுக்குதான். உங்க பையன் "பொய்க்கணக்கு எழுதாதே"ன்னு சொன்னதா நினைச்சான். அவர் காதுல விழுந்தது "நீ லூசா?"ன்னு.

இன்னொண்ணையும் உங்க பையனுக்குச் சொல்லி வைங்க. "அவள் தேச்சிட்டுப் போயி"ன்னு மலையாளி டிரைவர் யாராவது சோகமாச் சொன்னா இஸ்திரி போட்டுக் கொடுத்துட்டுப் போனான்னு நினைச்சுக்கப் போறான். காதலிச்சுட்டுக் கழட்டி விட்டுட்டாளாம், அதுதான் 'தேப்பு'.

மல்லேஸ்வரம் மாமா:

காதுப் பூவை சட்டசபைக்கே கொண்டுபோன ஊர் எங்களோடது. 2023 பிப்ரவரி 17, அப்போ கர்நாடக முதல்வரா இருந்த பசவராஜ் பொம்மை பட்ஜெட் வாசிக்க வந்த நாள். எதிர்க்கட்சித் தலைவரா இருந்த சித்தராமையா காதுல பூ வெச்சுண்டு உள்ளே நுழைஞ்சார். டி.கே.சிவகுமார் உட்பட காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் காதுலயும் பூ. ஜனங்க காதுல பூ வைக்கற பட்ஜெட்னு சொல்லாம சொன்னா. பேப்பர்ல போட்டோ பார்த்த எந்தக் கன்னடிகனுக்கும் விளக்கம் தேவைப்படலை. டில்லியிலேர்ந்து வந்திருந்த எங்க மாப்பிள்ளை மட்டும் "இன்னிக்கு என்ன பண்டிகை?"ன்னு கேட்டார்.

அடுத்த வருஷம் லோக்சபா தேர்தலுக்கு சொம்பு. கன்னடத்துல ஒருத்தன் கையில சொம்பைக் கொடுத்தா ஒண்ணுமில்லாம அனுப்பிட்டான்னு அர்த்தம். 2024 ஏப்ரல்ல மத்திய அரசு கர்நாடகத்துக்குக் கொடுத்தது இதுதான்னு காங்கிரஸ் பத்திரிகையில சொம்புப் படத்தைப் போட்டு விளம்பரம் கொடுத்தது. பா.ஜ.க.வோட கூட்டணி வெச்சிருந்த தேவேகவுடா சும்மா இருப்பாரா? காலிச் சொம்பை மோடி அட்சய பாத்திரமா ஆக்கிட்டார்னு மேடையிலயே திருப்பிக் கொடுத்தார். தமிழ்நாட்டுல 'சொம்பு தூக்கி'ன்னா ஜால்ரா. இங்கே சொம்பு வாங்கினவன் ஏமாளி. அதே பாத்திரம்தான்!

அல்வா மட்டும் நம்ம தனிச்சொத்து. பட்ஜெட் வாசிக்கறதுக்குச் சில நாள் முன்னாடி டில்லி நிதி அமைச்சகத்துல பெரிய வாணலியில அல்வா கிண்டி எல்லாருக்கும் கொடுப்பா. அவாளுக்கு அது மங்களகரம். தமிழ்நாட்டுல அந்தப் போட்டோவைப் பார்த்துச் சிரிக்காத வீடு உண்டோ?

டாக்டர் நூடுல்ஸ்:

காது கேட்டீங்கல்ல, இந்தாங்க. நான் ரஷ்யாவுல வோல்கோகிராட்ல மருத்துவம் படிச்சேன். பனியில பஸ் வரலைன்னு அனாட்டமி டீச்சர்கிட்ட ஒரு கதை விட்டேன். அவங்க மூக்குக் கண்ணாடியைக் கீழ இறக்கி, "நே வேஷாய் ம்னே லப்ஷூ நா உஷி" அப்படின்னாங்க. "என் காதுல நூடுல்ஸ் தொங்க விடாதே"ன்னு அர்த்தம். லப்ஷான்னா சூப்புல போடற நூடுல்ஸ். அந்தம்மா ரெண்டு காதுலயும் சேமியா தொங்குற மாதிரி கற்பனை பண்ணிட்டேன், சிரிப்பு வந்துடுச்சு. அதுக்குத் தனியா திட்டு விழுந்தது.

"காதுல பூ சுத்தாதே"க்கு இதைவிட நெருக்கமா வேற எதுவும் கிடைக்காதுங்க. ஓசூர்லேர்ந்து வோல்கா கரை வரைக்கும் காதுல எதையாவது மாட்டித்தான் ஏமாத்துறாங்க, நடுவுல பாலக்காடு மட்டும் வேற ரூட்டு.

ஜெர்மன்காரங்க "கரடியைக் கட்டி விட்டுட்டான்"னு சொல்வாங்கன்னு ஹாஸ்டல்ல கூட இருந்த பொண்ணு சொல்வா. நம்பவே முடியாத கதையை நம்ப வெச்சுட்டான்னு அர்த்தமாம். நம்மூர்ல "கரடி விடறான்"னு ஏற்கெனவே இருக்கே, அவங்க அதைக் கட்டியே விட்டுடறாங்க.

தேய்ரா கணக்கப்பிள்ளை:

துபாய் தேய்ராவுல ஈரானியர் ஒருத்தர் பாதாம் பிஸ்தா கடையில ரொம்ப காலம் கணக்கு எழுதினவன் நான். எங்க முதலாளிக்கு எவனாவது செக் கொடுத்து அது திரும்பி வந்தா, தலையில கையை வெச்சுக்கிட்டு "குலாஹ் சரம் கொஜாஷ்த்"னு கத்துவார். "என் தலையில குல்லா வெச்சுட்டான்"னு அர்த்தம். எனக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கலை. நம்மூர்ல 'குல்லா போடறது' என்ன? அதேதான். குல்லாங்கற சொல்லே பாரசீக 'குலாஹ்'லேர்ந்து வந்ததுதானே. இந்தியில "டோபி பஹனானா", தெலுங்குல "டோபி பெட்டடம்", கன்னடத்துல "டோபி ஹாக்கோது". தெஹ்ரான்லேர்ந்து ஓசூர் வரைக்கும் ஒரே தொப்பி, தலைதான் மாறுது.

ஒரு வேடிக்கை என்னன்னா, மோசடிக்காரனுக்கு அவங்க பேரு 'குலாஹ்பர்தார்', தொப்பியைத் தூக்கிட்டுப் போறவன். மாட்டினாலும் மோசடி, கழட்டினாலும் மோசடி. ஈரான் கோர்ட்டுல மோசடி வழக்குக்குச் சட்டப்பேரே 'குலாஹ்பர்தாரி'தான்.

கொக்குவில் தங்கச்சி:

எங்கட பக்கத்தில உதுக்குப் 'பேய்க்காட்டுறது' எண்டு சொல்லுறது. "என்னைப் பேய்க்காட்டாதை" எண்டால் ஏமாத்தாதை எண்டு அர்த்தம். சென்னையில வீடு வாடகைக்கு எடுக்கேக்க புரோக்கரிட்டை நான் "சும்மா பேய்க்காட்டாதேங்கோ அண்ணை" எண்டு சொல்ல, அந்தாள் மிரண்டு போய், "இந்த வீட்ல அதெல்லாம் இல்லம்மா, சுத்தமான வீடு" எண்டு சத்தியம் பண்ணினார். எங்களுக்குப் பேயன் எண்டால் முட்டாள், பேய்க்காட்டுறது எண்டால் ஆளை முட்டாளாக்குறது. ஆவிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கள்ள வேலை செய்யிறதுக்கு 'சுத்துமாத்து' எண்டும் சொல்லுவம்.

முன்சீப் கோர்ட் மூலை:

எல்லாரும் முக்கியமான ஒண்ணை விட்டுட்டீங்க. ஃபோர் ட்வென்ட்டி! இந்தியில 'சார் ஸௌ பீஸ்'. பாகிஸ்தான்லயும் அதே எண்தான், வெள்ளைக்காரன் எழுதின பழைய தண்டனைச் சட்டம் அங்கேயும் ஓடுது. நைஜீரியாவுல அவங்க குற்றவியல் சட்டத்துப் பிரிவு வேற, அதனால மோசடிக்காரனுக்குப் பட்டம் '419'. மின்னஞ்சல்ல "கோடிக்கணக்குல சொத்து உங்களுக்காகக் காத்திருக்கு"ன்னு வருமே, அதுக்கு உலகம் முழுக்க அந்தப் பேருதான். நம்ம நாட்டுல 2024 ஜூலை 1-லேர்ந்து புதுச் சட்டம், 420 போய் 318(4) ஆயிடுச்சு. "அவன் ஒரு முன்னூத்திப் பதினெட்டு"ன்னு திட்டிப் பாருங்க, வாயில நிக்காது. ஜனங்க 420-ஐ விடப் போறதில்லை.

ஆனா அக்கா, பேலன்ஸ் தராதவனெல்லாம் சட்டப்படி 420 கிடையாது. லோடு புக் பண்றப்பவே தரக் கூடாதுங்கற எண்ணம் அவனுக்கு இருந்ததுன்னு காட்டினாத்தான் அது மோசடி. பின்னாடி முடியாம இழுத்தடிச்சா அது வெறும் கடன், சிவில் வழக்கு. மூணு வருஷத்துக்குள்ள போட்டுடணும். டிரைவர்கள் எந்த பாஷையில திட்டினாலும் நீங்க தேதியைக் குறிச்சு வைங்க.

ஓசூர் லோடு அக்கா:

எல்லாருக்கும் நன்றி. சேட்டனுக்கு நானே போன் பண்ணி செம்பருத்தி விஷயத்தைச் சொல்லிடறேன். ஹால்ட்டிங்ல ஒரு நாளைக் குறைக்கச் சொல்லியும் கேட்பேன், அது வேற விஷயம்.

வக்கீல் சார், எங்ககிட்ட இருக்கறதெல்லாம் அச்சடிச்ச வாடகைச் சீட்டுதான். முத்திரைத்தாள் எதுவும் இல்ல. கோர்ட்டுல செல்லுமா?

முன்சீப் கோர்ட் மூலை:

செல்லும். பார்ட்டி கையெழுத்தும் லோடு இறக்கின ரசீதும் சேர்ந்து இருக்கணும். வாட்ஸ்அப்ல "அடுத்த வாரம் தரேன்"னு அனுப்பியிருந்தா அதை அழிச்சுடாதீங்க.