யாழினியின் படகுப் பயிற்சி: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

வித்யா (மாலை 6:10): அனைவருக்கும் வணக்கம். யாழினியின் பள்ளியிலிருந்து இன்று ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறையில் அடையாற்றில் துடுப்புப் படகுப் பயிற்சி தொடங்குகிறார்களாம். விருப்பமுள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பெற்றோர் கையெழுத்துடன் படிவத்தைத் தர வேண்டும். யாழினி போயே தீருவேன் என்கிறாள். பெரியவர்களைக் கேட்காமல் கையெழுத்திட எனக்கு மனம் வரவில்லை.

முரளி: எனக்குச் சம்மதம்தான். அப்பா என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.

தாத்தா: வேண்டாம்.

ரகு: இந்தக் குழுவில் முழு வாக்கியமாகத்தான் எழுத வேண்டும் என்று விதி வகுத்தவரே ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டார் என்றால், அப்பா உறுதியாக இருக்கிறார் என்று பொருள். எனக்கும் தயக்கம்தான். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்களே, அதைப் படித்த நாளிலிருந்து பள்ளியும் படகும் சேர்ந்து வரும் எந்தச் செய்தியும் எனக்கு நடுக்கத்தைத் தருகிறது.

செந்தில்: மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அம்மா எழுதிக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள்.

கௌரி: ரகு, நீ சொன்ன விபத்தை நானும் மறக்கவில்லை. அந்தப் படகில் கொள்ளும் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள், பிள்ளைகளில் பலருக்கு லைஃப் ஜாக்கெட்டே தரவில்லை. அங்கே குழந்தைகள் வெறும் பயணிகள். படகு சாய்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. துடுப்புப் பயிற்சியில் நடப்பது இதற்கு நேர்மாறானது. அங்கே படகை நடத்துபவள் குழந்தை. அது எப்போது சாயும், சாய்ந்தால் எதைப் பிடிக்க வேண்டும், எதை விடக்கூடாது என்பதைக் கற்றுக்கொண்ட பிறகுதான் அவளைத் தண்ணீரில் விடுவார்கள், அல்லது விட வேண்டும். இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. சென்னையில் கல்லூரியில் படித்தபோது நானே அடையாற்றில் துடுப்புப் போட்டவள்.

தாத்தா: இது எனக்கு இதுவரை தெரியாது.

பாட்டி: எனக்குத் தெரியும்.

ரகு: இந்த வீட்டில் இன்னும் என்னென்ன எனக்குத் தெரியாமல் இருக்கின்றன என்று யாராவது ஒரு பட்டியல் கொடுங்கள்.

முரளி: அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம், அண்ணா. அக்கா, பிள்ளைகளை முதல் நாளே படகில் ஏற்றிவிடுவார்களா?

கௌரி: ஏற்றக்கூடாது, முரளி. நல்ல பயிற்சியாளர் முதலில் தரையில்தான் தொடங்குவார். எர்கோமீட்டர் என்றொரு கருவி உண்டு. நகரும் இருக்கையில் உட்கார்ந்து கைப்பிடியை இழுக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கையால் இழுப்பது போலத் தெரியும், ஆனால் விசையின் பெரும்பகுதி காலிலிருந்து வருகிறது. முதலில் கால் உந்தும், பிறகு முதுகு பின்னால் சாயும், கடைசியில்தான் கை மடங்கும். திரும்பும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முதுகெலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், இந்த வரிசை பழகும் வரை வேகமும் வேண்டாம், போட்டியும் வேண்டாம். பிறகு அகலமான பயிற்சிப் படகில், கரையோரமாக ஓட்டிப் பழக வேண்டும். போட்டிக்கான ஒற்றையர் படகு ஏறக்குறைய எட்டு மீட்டர் நீளம், ஆனால் இடுப்பளவு அகலம்கூட இராது. எடை 14 கிலோதான். அதில் புதியவரை ஏற்றினால் மூச்சை இழுத்து விடுவதற்குள் கவிழ்ந்துவிடும்.

வித்யா: அண்ணி, இதைக் கேட்டதும் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

கௌரி: அடுத்ததையும் கேள், வித்யா. அந்தப் படகை நிற்க வைப்பது இரண்டு பக்கமும் நீண்டிருக்கும் துடுப்புகள்தான். துடுப்பின் இலை தண்ணீர்மேல் படுத்திருக்கும் வரை படகு நிலையாக இருக்கும், கைப்பிடியை விட்டால் அடுத்த கணம் புரளும். எனவே எது நடந்தாலும் கைப்பிடியை விடாதே என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் விதி. இரண்டாவது விதி, கவிழ்ந்தால் படகை விடாதே. கரை பக்கத்தில்தானே இருக்கிறது என்று நீந்தப் போகக்கூடாது. கவிழ்ந்த படகு மூழ்காது, மிதக்கும். அதன்மேல் மார்பை ஏற்றிப் படுத்துக்கொண்டு கையை உயர்த்தினால், பின்னால் வரும் பாதுகாப்புப் படகு வந்து தூக்கிக்கொள்ளும். படகிலேயே பொருத்திய காலணிகளில்தான் கால் இருக்கும். கவிழ்ந்ததும் கால் தானாகக் கழன்று வருவதற்காக அந்தக் காலணியின் குதிகாலைச் சிறு கயிற்றால் படகோடு கட்டியிருப்பார்கள். அந்தக் கயிறு அறுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்க்காமல் நாங்கள் படகைத் தண்ணீரில் இறக்கியதே இல்லை.

செந்தில்: கவிழ்ந்து எழும் இந்தப் பயிற்சியை ஆற்றில் செய்யாமல் முதலில் நீச்சல்குளத்தில் செய்ய வேண்டும், இல்லையா அம்மா?

கௌரி: ஆமாம். பயிற்சியாளர் தண்ணீருக்குள் பக்கத்திலேயே நிற்க, பிள்ளையே வேண்டுமென்று படகைக் கவிழ்த்து வெளியே வர வேண்டும். அதைச் செய்த பிள்ளை பிறகு ஆற்றில் கவிழ்ந்தால் பதறாது.

ரகு: ஆறு என்று எல்லோரும் சொல்கிறீர்கள். அடையாற்றில் ஓடுவது தண்ணீரா, சாக்கடையா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

கௌரி: அந்தக் கவலை சரியானதுதான். 1867-இல் தொடங்கிய படகுக் கழகம் அங்கே இருக்கிறது, தலைமுறை தலைமுறையாகத் துடுப்புப் போடுகிறார்கள் என்பதற்காக அந்தத் தண்ணீர் சுத்தமாகிவிடாது. கையிலோ காலிலோ புண் இருந்தால் அன்று இறங்கக்கூடாது. கொப்புளம் வந்தால் நீர் புகாத பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். கரையேறியதும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்னக்கூடாது.

செந்தில்: எலிக்காய்ச்சல் அப்படித்தான் புண் வழியாக நுழைகிறது. ஆற்றில் இறங்கிய சில நாளிலோ சில வாரங்களிலோ காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், மருத்துவரிடம் ஆற்றில் இறங்கியதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று நினைத்துவிடுவோம்.

முரளி: மழையையும் யோசிக்க வேண்டும். செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் திறந்தால் அது நேரே அடையாற்றில்தான் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரம் எப்படி இருந்தது என்று நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

கௌரி: அதனால்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் பயிற்சி முடிகிறதா என்று பள்ளியைக் கேட்கச் சொல்கிறேன். அக்டோபர் நடுவில் தொடங்குவதாக இருந்தால் நானே வேண்டாம் என்பேன்.

தாத்தா: நீங்கள் எல்லோரும் விவரமாக எழுதுகிறீர்கள். சேகருக்கு நீச்சல் தெரியும். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்தித் திரும்புகிறவன். அவனே வரவில்லை.

ரகு: அப்பா, இந்தப் பேச்சு இப்போது வேண்டாமே.

முரளி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

கௌரி: வேண்டும், ரகு. இத்தனை ஆண்டுகளாக வேண்டாம் வேண்டாம் என்றுதான் பேசாமல் இருந்தோம். அப்பா, பெரியண்ணன் நீந்தத் தெரியாமல் போகவில்லை. அந்த ஆடிப்பெருக்கன்று சுழலில் சிக்கிய நண்பனைப் பிடிக்க அவன் வெறுங்கையோடு குதித்தான். மூழ்குகிறவன் கைக்கு எட்டியதை எல்லாம் பிடித்து ஏறப் பார்ப்பான், அது அவன் குற்றமல்ல, மூச்சுக்குத் தவிக்கும் எந்த உடலும் அப்படித்தான் செய்யும். நண்பன் அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். நீ இறங்காதே, கயிற்றை வீசு, கழியை நீட்டு என்று அவனுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. நீந்தத் தெரிவது ஒன்று, தண்ணீரில் எப்படி நடந்துகொள்வது என்று தெரிவது வேறொன்று. அண்ணனுக்கு முதலாவது தெரியும், இரண்டாவது தெரியாது. அவன் போன பிறகு நாம் செய்தது என்ன? இந்த வீட்டில் ஒரு பிள்ளையையும் படித்துறைக்கு விடவில்லை. இன்றைக்குப் பேரப்பிள்ளைகளில் ஒருவருக்கும் மிதக்கக்கூடத் தெரியாது. நாளைக்கே இவர்களில் ஒருவர் கால் தவறி ஒரு கிணற்றிலோ குளத்திலோ விழுந்தால், நம்முடைய பயம் அவர்களை மேலே தூக்காது.

வித்யா: அண்ணி சொல்வது சரி என்று எனக்குப் படுகிறது, மாமா. மன்னியுங்கள்.

செந்தில்: ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், தாத்தா. மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் சத்தமே வராது. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவர்கூட விளையாடுகிறான் என்று இருந்துவிடுவார். மூழ்கியவரைக் கரையேற்றிய பிறகும் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பதும் கூடவே கூடாது. ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர் மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, பிறகு மார்பை 30 முறை அழுத்தி 2 முறை மூச்சு என்று விடாமல் தொடர வேண்டும். பள்ளியில் துடுப்போடு சேர்த்து இதையும் கற்றுத்தந்தால், அந்த வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் போகட்டும் என்பேன்.

பாட்டி: பெரம்பலூர் பக்கம் கொட்டரை அணையில் 2020-இல் மூன்று பெண்கள் கட்டியிருந்த புடவையை அவிழ்த்து வீசி இரண்டு பையன்களை இழுத்துப் போட்டார்கள். அரசாங்கம் அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. சேகர் குதித்தபோது நாங்கள் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் கையில் புடவைகள் இருந்தன. யாருக்கும் தோன்றவில்லை.

கௌரி: அம்மா.

முரளி: நீங்கள் இதை எங்களிடம் சொன்னதே இல்லை, அம்மா.

பாட்டி: யாரும் கேட்கவில்லை. குழந்தை போகட்டும்.

ரகு: பேச்சை மாற்றுவதற்காகக் கேட்கவில்லை, விடுமுறையின் முதல் ஞாயிறு தேவியின் வளைகாப்பு. பயிற்சியும் அன்றுதான் என்றால் யாழினி எதற்கு வருவாள்?

வித்யா: சுற்றறிக்கையில் நாள் போடவில்லை. கேட்டுச் சொல்கிறேன். தேவி கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வித்யா: நான் யாழினி, அம்மாவின் போனிலிருந்து எழுதுகிறேன். தாத்தா, எனக்கும் பயம்தான். எங்கள் பயிற்சி ஆசிரியர் தத்து போகனல் என்பவரைப் பற்றிச் சொன்னார். அவர் நாசிக் மாவட்டத்தில் தண்ணீரே இல்லாத வறண்ட ஊரில் பிறந்தவர், ராணுவத்தில் சேர்ந்துதான் துடுப்புப் பிடித்தார், முதலில் தண்ணீரைக் கண்டு பயந்தவர். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார், 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம் வாங்கினார். எனக்குத் தங்கம் வேண்டாம். துடுப்புப் போடுகிறவர் போகும் திசைக்கு முதுகு காட்டித்தான் உட்காருவாராம், அப்படிப் போவது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

தாத்தா: முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எப்படிப் போவாய்?

கௌரி: அடிக்கடி தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க வேண்டும், அப்பா. புதிய பிள்ளைகளுக்கு அந்தக் கவலையும் வேண்டாம். நால்வர் படகில் காக்ஸ் என்று ஒருவர் முன்னே பார்த்து உட்கார்ந்து வழி சொல்லுவார், சுக்கானும் அவர் கையில்தான் இருக்கும்.

தாத்தா: பாதுகாப்புப் படகில் யார் இருப்பார், அவருக்கு உயிர்காக்கும் பயிற்சி உண்டா, எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சியாளர், லைஃப் ஜாக்கெட் அவள் அளவுக்கு இருக்கிறதா என்று பள்ளி எழுத்தில் பதில் தரட்டும். வாய்வார்த்தை எனக்குப் போதாது.

கௌரி: லைஃப் ஜாக்கெட்டை வித்யாவே சோதிக்கலாம். போட்டு வார்களை இறுக்கிய பிறகு, தோள்பட்டையில் இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பார். அது காது வரை ஏறினால் பெரியது, தண்ணீரில் விழுந்ததும் தலை வழியாகக் கழன்றுவிடும்.

வித்யா: நாளைக்கே கேள்விகளை எழுதிக் கொடுக்கிறேன், மாமா. அப்படியானால் கையெழுத்துப் போடலாமா?

தாத்தா: பதில் வரட்டும். அதோடு, முகம் மேலே இருக்கும்படி ஐந்து நிமிடமாவது அவள் தானாக மிதக்க வேண்டும். அதைப் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

முரளி: வெள்ளிக்கிழமைக்குள் அது எப்படி நடக்கும், அப்பா? இன்று செவ்வாய்.

கௌரி: படிவத்துக்கு ஒரு வாரம் அவகாசம் கேள். நான் சனிக்கிழமை சென்னைக்கு வருகிறேன், குளத்தில் நானே அவளோடு இறங்குகிறேன்.

ரகு: சனிக்கிழமை வளைகாப்புக்கு வளையல் வாங்கப் போக வேண்டும் என்று நீதானே சொன்னாய்?

பாட்டி: வளையலை நான் பார்த்துக்கொள்கிறேன். அவரையும் சென்னைக்கு அழைத்துப் போங்கள், நேரில் பார்க்கட்டும்.

தாத்தா: நான் வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.