கிட் தெரியாத மொழிபெயர்ப்பாளர்களும் இருக்கும் குழுவுக்கு எந்தக் கூட்டு ஆவணக் கருவி சரி?

அல்சூர்:
வணக்கம். பெங்களூருவில் 14 பேர் சேர்ந்து ஒரு கட்டற்ற மென்பொருளுக்குத் தமிழ் இடைமுகம் செய்கிறோம். 9 பேர் நிரலாளர்கள். மொழிபெயர்ப்பாளர்கள் 5 பேருக்கும் கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) பழக்கமில்லை. கூட்டக் குறிப்புகள் கூகுள் டாக்ஸில், மொழிபெயர்ப்பு வரிகள் விரிதாளில், வடிவமைப்பு முடிவுகள் கிட்ஹப் விக்கியில் இருக்கின்றன. வெளியீட்டுச் சரிபார்ப்புப் பட்டியல் டாக்ஸிலும் உண்டு, ரிப்போவிலும் (கிட் காக்கும் கோப்புத் தொகுப்பு) உண்டு. போன வெளியீட்டின்போது டாக்ஸில் "எழுத்துருச் சோதனை" வரிக்கு டிக் போட்டிருந்தது. ரிப்போவில் அதே வரி காலி. எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர ஈதர்பேட், ஹெட்ஜ்டாக், கிரிப்ட்பேட், நெக்ஸ்ட்கிளவுட் இவற்றில் எது நல்லது? 2 ஜிபி நினைவகமுள்ள சர்வர் ஒன்று கையில் இருக்கிறது.

இன்னொரு சிக்கல். டாக்ஸிலிருந்து ரிப்போவில் ஒட்டினால், யாரும் தொடாத வரிகளும் மாறியதாக டிஃபில் (மாறிய வரிகளைக் காட்டும் ஒப்பீடு) வருகின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன.

மடிவாளா:
உங்கள் சிக்கல் கருவியில் இல்லை. ஒரு பட்டியலுக்கு இரண்டு நகல் இருப்பதுதான் சிக்கல். எந்த மென்பொருளைப் போட்டாலும் இரண்டு நகல் இருந்தால் ஒன்று பின்தங்கத்தான் செய்யும். சேர்ந்து தட்டச்சு செய்ய ஒரு இடம், முடிவு தங்க ஒரு இடம் என்று பிரியுங்கள். முடிவு தங்குமிடம் ரிப்போவாகவே இருக்கட்டும். பைத்தான், ரஸ்ட் நிரல்மொழிகளின் மாற்ற முன்மொழிவுகளான பெப் ஆவணங்களும் ஆர்எஃப்சிகளும் கிட்டில்தான் இருக்கின்றன. எந்த வரியை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று சில ஆண்டுகள் கழித்துத் தேடினாலும் கிடைக்கும்.

தட்டச்சு இடத்துக்கு ஹெட்ஜ்டாக் போடுங்கள். அது மார்க்டவுனிலேயே (எளிய குறிகளால் வடிவமைக்கும் வெறும் உரை) எழுதுவதால் ரிப்போவுக்கு அப்படியே எடுத்துப் போகலாம். குறிப்பின் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு 'டவுன்லோட்' என்று சேர்த்தால் மூலக் கோப்பு இறங்கும். ஈதர்பேடில் ஆளுக்கொரு வண்ணமும் காலக்கோடும் அருமைதான், ஆனால் அது மார்க்டவுனை மையமாக வைத்துக் கட்டியது அல்ல. அதையே போடுவதானால் இயல்பிருப்பாக வரும் 'டர்ட்டி' தரவுத்தளத்தோடு விடாதீர்கள். அது சோதனைக்கு மட்டும். போஸ்ட்கிரெஸ்ஸுக்கோ மைஎஸ்க்யூஎல்லுக்கோ மாற்றிவிடுங்கள். நெக்ஸ்ட்கிளவுடில் ஆவணத் தொகுப்பானைத் தனியாக ஓட்ட வேண்டியிருக்கும். 14 பேரின் கூட்டக் குறிப்புக்கு அத்தனை பாரம் வேண்டாம்.

ஹெட்ஜ்டாக் நிறுவும்போது வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று. டொமைன் மாறியையும் எஸ்எஸ்எல் மாறியையும் சரியாகக் கொடுக்காவிட்டால் பக்கம் அலங்காரமே இல்லாமல் வெறும் எழுத்தாக வரும். என்ஜின்எக்ஸ் வலைச் சர்வரில் 'அப்கிரேட்' தலைப்பை அனுப்பாவிட்டால் வெப்சாக்கெட் (உடனுக்குடன் தகவல் போகும் இணைப்பு) இணையாது. எழுதுவது மற்றவருக்குத் தாமதமாகப் போகும், அடிக்கடி அறுபடும். மூன்றாவதுதான் மோசம். பதிவேற்றும் படங்கள் தரவுத்தளத்தில் இல்லை, 'அப்லோட்ஸ்' கோப்புறையில் இருக்கின்றன. அதை வெளியே வால்யூமாக (நிலையான சேமிப்பிடம்) இணைக்காமல், ஹெட்ஜ்டாக் ஓடும் கன்டெய்னரைப் புதுப்பித்தால் படங்கள் அத்தனையும் போய்விடும்.

அனுமதியை 'எடிட்டபிள்' என்று வையுங்கள்: உள்நுழைந்தவர் திருத்தலாம், மற்றவர் படிக்க மட்டும். கூட்டம் முடிந்த 48 மணி நேரத்துக்குள் குறிப்பு ரிப்போவுக்குப் போய்விட வேண்டும். போனதும் பழைய குறிப்பை 'லாக்டு' ஆக்கி, முதல் வரியில் ரிப்போ இணைப்பை ஒட்டுங்கள். இதை யார் செய்வது என்று கூட்டம் தொடங்கும்போதே பெயர் சொல்லிவிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்கள் கிட் கட்டளை எதையும் கற்க வேண்டியதில்லை. கிட்ஹப்பில் கோப்பைத் திறந்து பென்சில் குறியை அழுத்தினால் போதும். எழுதும் உரிமை இல்லாதவருக்கு அதுவே ஃபோர்க் (தனி நகல்) எடுத்து, புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) வரைக்கும் கூட்டிச் செல்லும். விக்கியில் இந்த வசதி இல்லை. விக்கியும் ஒரு கிட் ரிப்போதான், ஆனால் அங்கே புல் ரிக்வெஸ்ட் கிடையாது. அதனால் முடிவுகளை விக்கியில் வைக்காதீர்கள். இடைமுக வரிகளை விரிதாளிலிருந்து வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புக் கருவிக்கு மாற்றுங்கள். கலைச்சொல் பட்டியலும் அதிலேயே உண்டு, சேமிப்பது நேராக கிட்டுக்குப் போகும். சொந்தமாக ஓட்ட 3 ஜிபி கேட்பதால் உங்கள் சர்வர் தாங்காது. கட்டற்ற திட்டங்களுக்கு அவர்கள் தரும் இலவச இடத்துக்கு விண்ணப்பியுங்கள்.

மத்திகெரெ:
டிஃப் சிக்கலுக்கு வருகிறேன். "கொள்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் யூடிஎஃப்-8இல் "கொ" முதல் வகையில் 6 பைட், இரண்டாம் வகையில் 9 பைட். பைத்தானில் அந்த எழுத்தின் நீளத்தைக் கேளுங்கள். ஒன்றுக்கு 2 என்றும் மற்றதற்கு 3 என்றும் சொல்லும். ஓகாரம், ஔகாரத்துக்கும் இதே கதை.

எல்லாக் கோப்புகளையும் என்எஃப்சி வடிவுக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே குறியீடாக்கும் யூனிகோட் வடிவம்) ஒருமுறை மாற்றி, இனி வருவதை ப்ரீ-கமிட் ஹூக்கில் (கமிட், அதாவது மாற்றத்தைப் பதிவது, நடக்குமுன் ஓடும் நிரல்) சரிபாருங்கள். பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதி போதும். அந்த ஒருமுறை மாற்றத்தைத் தனி கமிட்டாகப் போட்டு, அதன் எண்ணை 'இக்னோர் ரெவ்ஸ்' கோப்பில் எழுதுங்கள். இல்லாவிட்டால் பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்ற பட்டியல்) பார்க்கும்போது எல்லா வரியும் உங்கள் பெயரிலேயே நிற்கும். கிட் 2.23 முதல் இந்த வசதி உண்டு.

ஒரு எச்சரிக்கை. "ஔவை" என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருந்தால் என்எஃப்சி அதைத் தொடாது. அது வேறு எழுத்து, தேடித்தான் திருத்த வேண்டும். அப்படியே, பத்திக்கு ஒரு வரி என்றில்லாமல் வாக்கியத்துக்கு ஒரு வரி எழுதப் பழக்குங்கள். ஒரு சொல் மாறினால் டிஃபில் ஒரு வாக்கியம் மட்டும் வரும்.

தொம்லூர்:
ஹெட்ஜ்டாக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னும் வெளியிடாத பாதுகாப்புக் குறையை அதில் எழுதாதீர்கள். சர்வர் நிர்வாகி படிக்க முடியும். அதற்கு கிரிப்ட்பேட் சரி. முனைக்கு முனை மறையாக்கம், திறவுகோல் முகவரியில் '#' குறிக்குப் பின்னால் இருக்கும், சர்வருக்குப் போகாது. அதே காரணத்தால் முழு இணைப்பைப் பொதுக் குழுவில் போட்டால் திறவுகோலையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும்.

அல்சூர்:
மிக்க நன்றி. "கொ" சோதித்தேன்: டாக்ஸிலிருந்து வந்தது 3, ரிப்போவில் இருந்தது 2. ஒரு கேள்வி மிச்சம். ஹெட்ஜ்டாக் குறிப்பை ரிப்போவுக்கு எடுத்தால் படங்களும் கூடவே வருமா?

மடிவாளா:
வராது. இணைப்புகள் ஹெட்ஜ்டாக் சர்வரையே காட்டிக்கொண்டிருக்கும். சர்வரை நிறுத்திய அன்று உடையும். படங்களை ரிப்போவில் ஒரு கோப்புறையில் போட்டு, பாதையை மாற்றிவிட்டு அதன் பிறகு கமிட் செய்யுங்கள்.