பழைய கேசட் டெக், மினிடிஸ்க் டெக்கை லெவல் மீட்டராக மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

கம்பிவால்:
மேடை நிகழ்ச்சிகளை மிக்சரின் ஸ்டீரியோ அவுட்டிலிருந்து எடுத்து, கையடக்க டிஜிட்டல் ரெக்கார்டரில் பதிவு செய்கிறேன். ரெக்கார்டரின் திரை மிகச் சிறியது, இரண்டடி தள்ளி நின்றால் லெவல் தெரிவதில்லை. கையில் இருப்பவை: ஊசி மீட்டர் வைத்த இரண்டு ஹெட் கேசட் டெக் (பெல்ட் உருகிப்போனது, பவர் வருகிறது), டிஸ்க் படிக்காத வீட்டு மினிடிஸ்க் டெக். இவற்றை வெறும் மீட்டராகப் பயன்படுத்தினால் சரியாக இருக்குமா? ஒய் கேபிளில் பிரித்தால் பதிவு கெடுமா? மீட்டரில் 0 வந்தால் ரெக்கார்டரில் எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுவது?

நாடாச்சுருள்:
இரண்டுமே உதவும், ஆனால் இரண்டும் காட்டுவது ஒன்றல்ல.

கேசட் டெக்கில் மீட்டர் உள்ளீட்டைக் காட்ட ரெக்-பாஸ் (ரெக்கார்டை அழுத்திப் பாஸில் நிறுத்திய) நிலை வேண்டும். கேசட் இல்லாமல் பெரும்பாலான டெக்குகள் ரெக்கார்டுக்கே போகாது. அழிப்புத் தடுப்புக் காது உடையாத ஒரு கேசட் கூட்டைப் பிரித்து, நாடாவை எடுத்துவிட்டு, வெறும் கூட்டைப் போடுங்கள். உள்ளே இருக்கும் நெம்புகோல் ஏமாந்துவிடும். உருகிய பெல்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் முழுக்கத் துடைத்தெடுங்கள், அந்தக் கரி மோட்டார் புல்லியில் ஒட்டினால் பிறகு எதையும் சுழற்ற முடியாது. மோட்டார் தேவையில்லை என்றால் அதன் கனெக்டரைக் கழற்றிவிடலாம், இரைச்சலும் குறையும். ஆனால் லாஜிக் கன்ட்ரோல் டெக்குகள் சில, ரீல் சுழலவில்லை என்று கண்டால் ஸ்டாப்புக்குப் போய்விடும். வேறு சில பாஸில் சில நிமிடம் நின்றதும் தானாக நிறுத்திக்கொள்ளும். அரங்கத்துக்குக் கொண்டுபோகும் முன் ஒரு மணி நேரம் வீட்டில் ஓடவிட்டுப் பாருங்கள்.

டால்பி (நாடா இரைச்சல் குறைப்பு) ஆஃப், எம்பிஎக்ஸ் ஃபில்டர் (எஃப்எம் வானொலிப் பதிவுக்கானது) ஆஃப். ஆட்டோ லெவல் இருந்தால் அதுவும் ஆஃப். ஆட்டோ லெவலை நிறுத்த முடியாத சின்ன ரெக்கார்டர்களை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். மெதுவாகப் பாடினாலும் கத்தினாலும் ஊசி ஒரே இடத்தில்தான் நிற்கும்.

மினிடிஸ்க் டெக் இதைவிட எளிது. டிஸ்க் போடாமல் ரெக் பட்டனை அழுத்தினால் பல வீட்டு டெக்குகள் உள்ளீட்டை ஏடிசி (அனலாக்கை டிஜிட்டலாக்கும் சுற்று) வழியாக நேரே வெளியே விடும். சோனி டெக்குகளில் திரையில் "ஏடி-டிஏ" என்று வரும். அப்போது பட்டை மீட்டர் வேலை செய்யும், அது காட்டுவது பீக், அதாவது சிக்னலின் கண நேர உச்சம். ஆப்டிகல் உள்ளீட்டில் 32, 44.1, 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். 96-இல் அனுப்பினால் லாக் ஆகாது.

ஓம்விதி:
ஒய் கேபிளில் மூன்று சிக்கல்கள் உண்டு.

முதலாவது, சமநிலை அவுட் (ஒரே சிக்னலை எதிரெதிராக இரண்டு கம்பிகளில் அனுப்புவது). எக்ஸ்எல்ஆரின் பின் 2-ஐயும் பின் 1-ஐயும் மட்டும் டெக்குக்கு எடுத்தால், மின்னணு சமநிலை அவுட் பலவற்றில் பாதி வோல்டேஜ்தான் கிடைக்கும், அதாவது 6 டெசிபல் குறைவு. பின் 3-ஐத் தரையோடு இணைத்தால் ரெக்கார்டருக்குப் போகும் லைனும் சமநிலை இழந்துவிடும். இதைச் செய்யவே கூடாது.

இரண்டாவது, அணைந்திருக்கும் டெக். பவர் இல்லாதபோது அதன் உள்ளீட்டு ஐசி சிக்னலின் முனைகளைக் கடித்துவிடலாம். பதிவில் கரகரப்பு வரும், காரணம் தேடி அலைவீர்கள். பிரித்தே ஆகவேண்டும் என்றால் டெக்கை ஒருபோதும் அணைக்காதீர்கள்.

மூன்றாவது, லெவல். வழக்கமான லைன் லெவல் மிக்சரில் +4 டிபியு (1.228 வோல்ட்), டெக்கில் -10 டிபிவி (0.316 வோல்ட்). வித்தியாசம் 11.8 டெசிபல். ரெக் லெவல் குமிழைத் தாழ்த்திச் சமாளிக்கலாம்தான், ஆனால் குமிழின் அடிப்பகுதியில் இடது-வலது ஒத்துப்போகாது. அதற்கு ஓர் அட்டென்யுவேட்டர் (லெவல் குறைப்பான்) போடலாம்: சேனலுக்கு ஒரு 10கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் தொடரில், ஒரு 3.6கே தரைக்கு. டெக்கின் உள்ளீடு 47கே என்றால் 12 டெசிபல் குறையும், குமிழ் நடுவில் வந்து நிற்கும்.

இவ்வளவு பாடு எதற்கு? மிக்சருக்கும் ரெக்கார்டருக்கும் நடுவில் மீட்டரை வைக்காதீர்கள். ரெக்கார்டரின் லைன் அவுட்டிலிருந்து எடுங்கள். பதிவுப் பாதையைத் தொடவே வேண்டியதில்லை, ரெக்கார்டரின் கெயின் குமிழை மாற்றினாலும் மீட்டர் அந்த மாற்றத்தோடு சேர்த்தே காட்டும். மேலே சொன்ன அட்டென்யுவேட்டரும் பெரும்பாலும் வேண்டியிராது. ஹெட்ஃபோன் அவுட்தான் இருக்கிறது என்றால், வால்யூமை ஒரு எண்ணில் வைத்து ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள்.

அளவமைப்பைச் செய்யும் வரிசை:
1. மிக்சரிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அனுப்பி, ரெக்கார்டர் -18 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டலின் உச்ச வரம்பான 0-வுக்கு 18 டெசிபல் கீழே) காட்டும்படி கெயின் வையுங்கள். தாளக்கருவி அதிகம் என்றால் -20.
2. டெக்கின் ரெக் லெவலைத் திருகி, இரண்டு ஊசியையும் 0-வில் நிறுத்துங்கள். குமிழ்மேல் ஒட்டுநாடா.
3. அதே லெவலில் 100 ஹெர்ட்ஸும் 10 கிலோஹெர்ட்ஸும் அனுப்பிப் பாருங்கள். ஊசி ஏறக்குறைய அதே இடத்தில் நிற்க வேண்டும்.

டெக்கில் அச்சிட்டிருக்கும் 0 நாடாவுக்கான குறி. மிக்சரின் +4-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் வைத்ததுதான் 0.

கம்பிவால்:
லைன் அவுட்டிலிருந்தே எடுத்தேன், நன்றி. இரண்டு சந்தேகங்கள். 10 கிலோஹெர்ட்ஸில் ஊசி 6 டெசிபல் மேலே போகிறது. இன்னொன்று, கைதட்டலில் ரெக்கார்டரின் கிளிப் விளக்கு (லெவல் வரம்பை மீறியதைக் காட்டுவது) எரிந்தபோது ஊசி -5-ஐக்கூடத் தொடவில்லை. மீட்டர் கெட்டுவிட்டதா?

ஓம்விதி:
கெடவில்லை. உங்கள் டெக் மீட்டரை ரெக்கார்டு ஈக்வலைசருக்கு (நாடாவுக்காக உச்ச ஸ்தாயியை உயர்த்தும் சுற்று) பிறகு எடுத்திருக்கிறது. நாடாவில் உச்ச ஸ்தாயி சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் சில தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள், டான்ட்பெர்க் இதற்குப் பேர்போனது. நாடாவுக்கு அது நல்ல யோசனை, டிஜிட்டலுக்குப் பொய்க்கணக்கு. ஜால்ரா, சிம்பல் வரும்போதெல்லாம் ஊசி மிகைப்படுத்தும்.

கைதட்டல் விஷயம் ஊசியின் இயல்பு. சரியான வியு மீட்டர் (சராசரிச் சத்தத்தைக் காட்டும் ஊசி மீட்டர்), ஒரு தொனி வந்து 300 மில்லி விநாடியில்தான் 99 சதவீதத்தைத் தொடும். கைதட்டலும் தோல்கருவி அடியும் அதற்குள் முடிந்துபோகும். உண்மையான பீக் ஊசிக்கு 10 முதல் 20 டெசிபல் மேலே இருக்கலாம், 0-வை -18-இல் வைக்கச் சொன்னது அதனால்தான். சோதிக்க, 10 மில்லி விநாடித் தொனியும் 3 விநாடி மௌனமும் மாறி மாறி வரும் கோப்பு ஒன்று தயாரியுங்கள். பீக் புரோகிராம் மீட்டர் (உச்சத்தை விரைந்து பிடிக்கும் வகை) அதில் ஒன்றிரண்டு டெசிபல்தான் குறைத்துக் காட்டும். வியு ஊசி லேசாக அசைந்து அடங்கிவிடும்.

எனவே கேசட் டெக்கின் ஊசியை ஒட்டுமொத்த சத்தத்துக்கும், மினிடிஸ்க்கின் பட்டையைக் கிளிப் காவலுக்கும் வையுங்கள். ஒன்றுதான் தூக்கிச்செல்ல முடியும் என்றால் பட்டையை எடுங்கள்.

நாடாச்சுருள்:
ஈக்வலைசர் தொல்லை வேண்டாம் என்றால் ஊசிகளை மட்டும் கழற்றித் தனிப் பெட்டியில் வைக்கலாம். மல்டிமீட்டரின் ஓம் அளவையில் ஊசி மீட்டரைச் சோதிக்காதீர்கள். குறைந்த ஓம் ரேஞ்சில் வரும் கரன்ட், ஊசியை முனையில் அடித்து வளைத்துவிடும். 1.5 வோல்ட் செல், 4.7கே ரெசிஸ்டர், 100கே பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்), மைக்ரோ ஆம்ப் அளவையில் மல்டிமீட்டர், ஊசி மீட்டர், எல்லாம் தொடரில். பாட்டை முழு எதிர்ப்பில் தொடங்கி மெல்லக் குறைத்து, ஊசி கடைசிக் கோட்டைத் தொடும் கரன்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

200 மைக்ரோ ஆம்ப் வந்தது, கடைசிக் கோடு +3 என்று வைத்துக்கொள்வோம். 0 குறி அதில் 71 சதவீதம், அதாவது 141 மைக்ரோ ஆம்ப். டிஎல்072 என்ற இரட்டை ஆப்-ஆம்ப் ஐசியின் ஒரு பாதியின் ஃபீட்பேக்கில் நான்கு 1என்4148 டயோடு பாலம், பாலத்தின் நடுவில் ஊசி மீட்டர், இன்வர்ட்டிங் உள்ளீட்டிலிருந்து தரைக்கு ஒரு ரெசிஸ்டர், நான்-இன்வர்ட்டிங் உள்ளீட்டில் சிக்னல். உள்ளீட்டில் தரைக்கு ஒரு 100கே மறக்க வேண்டாம். +4 டிபியு சைனின் சராசரி 1.228 × 0.9 = 1.105 வோல்ட். அதை 141 மைக்ரோ ஆம்பால் வகுத்தால் சுமார் 7.8கே. 6.8கே ரெசிஸ்டரோடு 2.2கே ப்ரீசெட் (ஒருமுறை திருகி வைக்கும் சிறு பாட்). -10 டிபிவி என்றால் சுமார் 2கே போதும், அப்போது 1.5கே-யோடு 1கே ப்ரீசெட். சேனலுக்கு ஒரு பாதி, ஒரே ஐசியில் ஸ்டீரியோ முடிந்துவிடும். இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் மெயின்ஸ் தரை இல்லை, ஹம் வளையமும் (இரு கருவிகளின் தரைகள் சேர்வதால் வரும் முனகல்) இல்லை.

டெக்கையே வைத்துக்கொண்டு ஹம் வந்தால் 10கே:10கே ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நடுவில் போடுங்கள். பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றுவது மட்டும் வேண்டாம், அது உயிருக்கு ஆபத்து.