வால்நட் தோலில் இருப்பதுதான் இதயத்தைக் காக்கிறதா?

வாதுமை:
வால்நட்டின் மேல் ஒட்டியிருக்கும் கசப்பான மெல்லிய தோலை உரித்துப் போடாதீர்கள். பாலிபீனால் என்னும் தாவரச் சேர்மங்களில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையும்போது ரத்தக்குழாய்ச் சுவரில் அடைப்பு வளர்கிறது. அந்த ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்கள்தான் இந்தப் பாலிபீனால்கள். நட்ஸ் சாப்பிடுகிறவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வருவதற்கு இதுவே காரணம்.

மழைத்துளி:
தோலை உரிக்க வேண்டாம், சரி. காரணத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. வைட்டமின் ஈ-யும் ஆன்டிஆக்ஸிடன்ட்தானே? 2000இல் வெளியான ‘ஹோப்’ ஆய்வில், இதயநோய் ஆபத்து அதிகமுள்ள சுமார் 9,500 பேரில் பாதிப் பேருக்குத் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. நாலரை ஆண்டுகளில் மாரடைப்பும் குறையவில்லை, பக்கவாதமும் குறையவில்லை. நட்ஸ் எல்டிஎல்லையே இறக்குகிறது. 25 சோதனைகளைச் சேர்த்து 2010இல் பார்த்தபோது, தினம் 67 கிராம் நட்ஸ் சராசரியாக 7.4% குறைத்திருந்தது. நிறைவுறாக் கொழுப்பு, நார்ச்சத்து, தாவர ஸ்டீரால் செய்யும் வேலை அது.

வாதுமை:
மாத்திரையில் ஒரே பொருள், பருப்பில் எத்தனையோ! ஸ்பெயினின் ‘பிரெடிமெட்’ ஆய்வில் தினம் 30 கிராம் நட்ஸ் சாப்பிட்ட பிரிவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் சேர்ந்து 28% குறைந்தன. எல்டிஎல் இறங்குவது மட்டும் இவ்வளவு செய்யுமா?

மழைத்துளி:
ஆட்களைப் பிரித்ததில் குளறுபடி என்று 2018இல் அதைத் திரும்பப் பெற்று, திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நட்ஸ் பிரிவினர் மத்தியதரைக்கடல் உணவுமுறை முழுவதையும் பின்பற்றியவர்கள். 28 சதவீதத்தையும் நட்ஸ் கணக்கில் எழுத முடியாது.

குடல்வாசி:
பாலிபீனால் அப்படியே ரத்தத்தில் கலப்பதாக நினைத்தே பேசுகிறீர்கள். வால்நட்டில் உள்ள எலாஜிடானின் என்ற பாலிபீனால் பெரும்பாலும் அப்படி உறிஞ்சப்படுவதில்லை. குடல் பாக்டீரியாக்கள் அதை யூரோலித்தின் என்ற வேறு பொருளாக மாற்றுகின்றன. அந்த பாக்டீரியா எல்லோர் வயிற்றிலும் இல்லை. சோதனைக்குழாயில் அளந்த ஆன்டிஆக்ஸிடன்ட் எண் உடலுக்குள் நடப்பதைச் சொல்லாது. உணவுகளுக்கு அப்படி அளந்த எண்களின் பட்டியலை வைத்திருந்த அமெரிக்க வேளாண் துறையே 2012இல் அதை நீக்கிவிட்டது.

வாதுமை:
எனக்கு இது புதிது. ‘இதுவே காரணம்’ என்றதைத் திரும்பப் பெறுகிறேன். பங்கு உண்டு என்பதை மட்டும் விடமாட்டேன்.

மழைத்துளி:
இருக்கலாம். நான் இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் என் சித்தப்பா. ஸ்டென்ட் வைத்தவர், ஆன்டிஆக்ஸிடன்ட் போதும் என்று நம்பிக் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். அடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் எகிறியிருந்தது. இப்போது காலையில் ஒரு கைப்பிடி நட்ஸ், தோலோடுதான், இரவில் மாத்திரை.